கழித்தல் கணக்கு

"நேத்தே உலையில போட்டுட்டேன்றேன், நீ இன்னாடான்னா–"

"போட்டா எப்படிய்யா ஊட்டுக்குள்ள பாடிக்கினு இருக்கு?"

"எரிஞ்சத என் கண்ணால பார்த்தேன்டி!"

"த்தூ! புளுகு!"

வாசலில் நின்று சசிகுமார் கத்தினான். அடுப்படியிலிருந்து அவன் மனைவி ரோஜா கத்தினாள். நடு அறையில் அவர்களுடைய ஏழு வயது மகள் மோனிஷா, கையடக்கமான அந்தக் கணக்கு விளையாட்டுப் பெட்டியை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். டிங். டிங்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில், உலைக்குப் போகும் பழைய இரும்பைப் பிரிப்பது சசிகுமாரின் வேலை. கப்பலில் வந்த குவியலில் உருப்படியாக எது கிடந்தாலும் வீட்டுக்கு எடுத்துவருவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். பிள்ளை கணக்குப் படிக்கட்டும் என்று இதை எடுத்து வந்தான்.

திங்களன்று திரையில் ஐந்து கோழிகள். இரண்டைக் கழிக்க வேண்டும். மோனிஷா விடையை அழுத்தினாள். ரோஜாவின் ஐந்து கோழிகளில் கூட்டில் மூன்றே இருந்தன. ஓர் இறகுகூடச் சிந்தவில்லை. வியாழனன்று பக்கத்து வீட்டு ஆடு. அதன்பிறகுதான் சசிகுமார் சிரிப்பதை நிறுத்தினான்.

ஞாயிறு மதியம். தகரக் கூரையின் வெக்கையும் ஆலையின் ஓயாத உறுமலும் வீட்டை நிறைத்திருக்க, அவற்றின் ஊடே கருகிய பிளாஸ்டிக் நாற்றம் நூல்போல இழைந்து வந்து ரோஜாவை அறைக்குள் இழுத்தது. பெட்டியின் ஓரங்கள் உருகி, கறுத்து, இறுகியிருந்தன. திரை மட்டும் பளிச்சென்றிருந்தது.

"எங்கடி எடுத்தே?"

"எடுக்கலம்மா. தலகாணிக்குக் கீழ இருந்துச்சு."

திரையில் மூன்று பேர். நடுவில் பாவாடை கட்டிய சிறுமி. பக்கத்தில் கழித்தல் குறி. ஒன்று.

மோனிஷாவின் விரல் எழுந்தது.

"குடு இங்க!" ரோஜா பிடுங்கினாள். சுட்டது.

"எல்லாம் உன்னாலதான்டி!" வாசலிலிருந்து அவன். "அன்னிக்கே நீ தூக்கிக் கடாசியிருந்தா–"

அவளுக்கு ரத்தம் கொதித்தது. கொண்டுவந்தவன் பேசுகிற பேச்சா இது! அணைக்கிற பொத்தான் எது? தெரியவில்லை. எல்லாவற்றையும் அழுத்தினாள். ஆத்திரம் தீர அழுத்தினாள்.

"பொம்பளன்னா கொஞ்சமாவது–"

டிங்.

பெட்டிக்குள் கைதட்டல்.

வாசலில் சத்தமில்லை.

எட்டிப் பார்த்தாள். வெயில். அவன் செருப்பு இரண்டும், நின்ற கால்களின் இடைவெளியோடு. அந்தரத்தில் பீடிப் புகை, கலையாமல்.

திரையில் இரண்டு பேர்.

மோனிஷா சிரித்தபடி கையை நீட்டினாள்.

"நீ போட்டது கரெக்ட்டும்மா. குடு, இப்போ என் டர்ன்."