இறந்த இடம்: மேற்படி

அம்மா இறந்த இடம் என்ற கட்டத்தில் ஊர்ப்பெயர் எதுவும் இல்லை. ‘மேற்படி’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஏதோ வெளியூர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாள், அங்கேயே அடக்கம் என்றுதான் அப்பா சாகும்வரை சொல்லியிருந்தார்.

தாரணிக்கு அறுபத்திரண்டு வயது. காக்ஸ் டவுன் வீட்டில் தனி ஆள். சர்ச்சின் பங்கு ஆபீஸில் வேலை பார்க்கும் டிரேவர், அங்கிருந்த மரணப் பதிவேட்டிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். முந்தின கட்டத்தில் இதே வீட்டு விலாசம். அப்படியானால் அம்மா இங்கேதான், இந்தக் கட்டிலில்தான். மூன்று நாளாகத் தாரணி ஓரமாகப் படுத்து, பக்கத்தில் அம்மாவுக்கு இடம் விட்டாள். பேசவும் செய்தாள். நாளை கல்லறைத் திருநாள். எந்தக் கல்லறையில் மெழுகுவர்த்தி வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட சாயங்காலத்தில் டிரேவர் ஃபோன் பண்ணினார்.

“தாரணிக்கா, ஒரு தப்பு ஆயிப்போச்சு. அந்தக் காலத்து ரிஜிஸ்டர்ல மேற்படின்னா பக்கத்துக் கட்டம் இல்ல. மேல் வரியப் பாக்கணும்.”

“மேல் வரியில யாரு?”

“ஆண் குழந்தை. எட்டு மாசம். தகப்பன்னு உங்கப்பா பேர் போட்டிருக்கு.”

அம்மா போனபோது அவளுக்கு இரண்டு வயதுதான். தனக்கு ஒரு தம்பி இருந்ததை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

“இடம்?”

“வீட்டுக் கிணறு. விழுந்த குழந்தைய எடுக்க அம்மா இறங்கியிருப்பாங்க போல. தேதியும் ஒண்ணுதான்.”

“எங்க வீட்ல ஏதுப்பா கிணறு?”

“மூடியிருப்பாங்க. இன்னொண்ணுக்கா... குழந்தைக்குக் கல்லறை நம்பர் இருக்கு. அம்மாவுக்கு அங்க வெறும் கோடு. பாடி கிடைக்கல போல. நான் வரட்டுமா?”

“மழை விடட்டும்பா. தனியா இருக்கறது எனக்கென்ன புதுசா?”

ஃபோனை வைத்தபிறகு கட்டிலைப் பார்த்தாள். இந்த அறையே பிற்பாடு கொல்லையை வளைத்துக் கட்டியதுதான். பெயிண்ட் அடிக்க வந்தவர்களைக்கூட அப்பா இந்தக் கட்டிலை நகர்த்த விட்டதில்லை. ஓட்டில் விழும் மழைக்கும் வாசல் சாக்கடையின் இரைச்சலுக்கும் அடியில், வேறொரு தண்ணீர்ச் சத்தம், இருட்டில் எதையோ துழாவித் துழாவித் தேடும் கைகளின் சத்தம், பாசியும் துருவும் கலந்த வாசனையோடு கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது.

மூன்று நாளாக அவள் பேசியதெல்லாம் அங்கே கேட்டிருக்கும்.

கட்டிலைத் தள்ளினாள். சிவப்புத் தரை. வட்டமாக ஒரு விரிசல்.

சத்தம் நின்றது.

ஓடத்தான் நினைத்தாள். வாய் வேறொன்றைச் சொன்னது.

“அம்மா?”

கீழே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“கெடைச்சிட்டியா ராசா.”

விரிசல் வழியே நான்கு விரல்கள் வந்தன. ஊறி வெளுத்த விரல்கள். தரையைத் தடவின. அவள் கணுக்காலைத் தொட்டன. தயங்கின. பிறகு, எட்டு மாதக் குழந்தையின் காலைப் பிடிக்கும் பதவிசோடு, மெல்ல வளைந்து மூடிக்கொண்டன.