ஒன்பதாவது அறை

சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. மகள் முத்துமீனா காய்ச்சலோடு படுத்திருந்த அறையிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசம் வந்தது. வெள்ளையடித்து மூன்று வருஷமாகிறது. பக்கத்து வீட்டில் பூச்சு வேலையாக இருக்கும் என்று சித்தார்த் லேப்டாப்பில் குனிந்துகொண்டான்.

ஞாயிறு மலருக்குச் சுடோகு செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. எந்த நேரத்தில் அந்தப் புத்தி வந்ததோ, இந்த வாரம் பெட்டிகளுக்குப் பதில் திருப்பரங்குன்றத்தில் தான் குடியிருக்கும் வீட்டையே வரைந்துவிட்டான். ஒன்பது அறை, அறைக்கு ஒன்பது கட்டம். வாசலின் இரு பக்கமும் அடுத்தடுத்த எண்கள் வரவேண்டும் என்பது கூடுதல் விதி. பாத்ரூம், பூஜை ரூம் எல்லாம் சேர்த்தாலும் வீட்டில் எட்டுதான் தேறியது. மிஞ்சிய கட்டங்களை, மகள் அறைக்குப் பின்னால் இல்லாத ஓர் அறையாக்கினான்.

கோரிப்பாளையத்திலிருந்து அதே படத்தை ஆன்லைனில் திறந்துவைத்துப் போட்டுப் பார்த்த சிநேகிதன் விருமாண்டி, அரைமணிக்கு முன்னால்தான் போனில் சொன்னான். "ரெண்டு விடை வருது மாப்ள. கடைசி ரூமுக்கு வாசலே இல்லையே."

சுடோகு என்றால் ஒரே விடைதான் இருக்கவேண்டும். மகள் அறையிலிருந்து ஒரு வாசல் போட்டான், சரியாகிவிட்டது.

இப்போது மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், பிள்ளை யாரிடமோ மெல்லப் பேசுவது கேட்டது. எழுந்து போய் எட்டிப் பார்த்தான். கட்டிலுக்கு அந்தப்பக்கச் சுவரில் ஒரு வாசல். உள்ளே கும்மிருட்டு. கட்டிலைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்து, படத்தில் வாசலை அழித்தான்.

திரும்பிப் போனான். வெறும் சுவர். வெறும் கட்டில்.

சுவருக்குள்ளிருந்து தட்டும் சத்தம். "அப்பா, இருட்டா இருக்குப்பா."

பாவி, பிள்ளையை உள்ளே வைத்து மூடிவிட்டான். விழுந்தடித்து லேப்டாப்புக்கு ஓடினான். எந்தக் கட்டம் என்றுகூடப் பார்க்காமல் வாசலை மறுபடி போட்டான். ஓடினான். தலையெல்லாம் சுண்ணாம்போடு முத்துமீனா வாசலில் நின்றாள். அள்ளித் தூக்கி அணைத்துக்கொண்டு அழுதான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. விருமாண்டி.

"என்ன மாப்ள, வாசலை ஒரு கட்டம் தள்ளி வச்சுட்ட? மறுபடியும் ரெண்டு விடை வருது. ரெண்டுமே சரியாத்தான் இருக்கு."

உள்ளே காலடிச் சத்தம். சின்னக் கால்கள். இருட்டிலிருந்து, அதே பூப்போட்ட கவுனில், அதே காய்ச்சல் கண்ணோடு இன்னொரு முத்துமீனா நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, தூக்குப்பா."

இடுப்பில் இருந்தவள் அவன் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காதில் சொன்னாள்.

"வாசலை அழிச்சிடுப்பா."