லெந்தில் ஒரு கல்யாண விருந்து

"எங்க வீட்டுக்குச் சித்தப்பா பூட்டுப் போட்டாச்சு சார்."

இராஜாக்கமங்கலத்திலிருந்து பூதப்பாண்டிக்கு இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஷைஜா, நாற்காலியில் உட்காராமலே சொன்னாள். பக்கவாதத்தில் விழுந்த அப்பா யேசுரத்தினத்தைப் பதினேழு வருஷம் பார்த்தவள் அவள். அடக்கம் முடிந்த மறுவாரமே சித்தப்பா ரசலையன் ஓர் உயிலை நீட்டிவிட்டார்.

துப்பறியும் வைகுண்டராஜன் உயிலின் நகலை வாங்கிப் படித்தார். அவருடைய கூட்டாளி பெபிஷா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

'2008 பிப்ரவரி 14. இன்று நம் சபைக் கோயிலில் நடந்த கல்யாண விருந்து முடிந்து என் வீட்டுக்கு வந்த பிரைட்டன், எபிசன் சாட்சியாக, வீட்டை என் தம்பிக்கு எழுதுகிறேன்.'

"அப்பாவுக்கு எப்போ வலது கை விழுந்தது?"

"அந்த வருஷம் மார்ச் ரெண்டாம் தேதி. அதுக்குப் பொறவு கைநாட்டுதான். எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு, கல்யாணமெல்லாம் ஓர்மையில்ல."

சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் சவூதியில் போனை எடுப்பதில்லை. கையெழுத்திலும் பழுது தெரியவில்லை. பெபிஷாவுக்கு எரிச்சலாக வந்தது. கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா என்று ஒரு கை பார்த்துவிடத் துடித்தாள்.

"சித்தப்பாவை ஆபீசுக்கு வரச் சொல்லு," என்றார் வைகுண்டராஜன்.

மறுநாள் காலை வெள்ளை வேட்டி கசங்காமல் ரசலையன் வந்து ஷைஜாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பிப்ரவரியில கல்யாணமா?" என்றார் வைகுண்டராஜன். "நான் அய்யாவழிக்காரன், உங்க கிறிஸ்தவ முறை தெரியாது. ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோன்பு, அந்த லெந்து காலத்துல நீங்க கல்யாணம் வைக்கிறதில்லன்னு பெபிஷா சொன்னா."

ரசலையன் சிரித்தார். "லெந்துல எவனாவது கல்யாணம் வைப்பானா? அதான் அதுக்கு முன்னமே வச்சாவ. லெந்து தொடங்குத சாம்பல் புதன் மாசக் கடைசியிலல்லா வரும்! நாப்பது வருசமா நோம்பு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

பெபிஷாவும் தலையாட்டினாள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

வைகுண்டராஜன் அகராதியைத் திறந்தார். "தெரியாத சொல்லுன்னு ராத்திரி தேடிப் பார்த்தேன். லெந்துங்கிறது பழைய ஆங்கிலத்துல வசந்த காலத்தோட பேரு. அதுக்கும் அடியில, பகல் நீளுகிற காலம்னு அர்த்தம் சொல்லுதாவ. நோன்புன்னு பொருள் பின்னால ஒட்டிக்கிட்டது. நம்ம ஊருல வசந்தம் ஏது, பகல் எங்க நீளுது? அதனால நாம ஆகாசத்தப் பாக்காம மாசத்தை வச்சே குத்துமதிப்பாச் சொல்லிடுதோம்."

"அதுக்கும் உயிலுக்கும் என்ன சார்?" என்றார் ரசலையன்.

"பகலும் இரவும் சமமாகிற மார்ச் இருபத்தொண்ணுலயோ அதுக்குப் பின்னாலயோ வர்ற முதல் பௌர்ணமி. அதுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். 2008-ல பௌர்ணமி அந்த இருபத்தொண்ணாம் தேதியே வந்துட்டு. ஈஸ்டர் இருபத்து மூணு. அதுல இருந்து, நோன்பு நாள் நாப்பதும் நடுவுல ஞாயிறு ஆறும் சேர்த்து, நாப்பத்தாறு நாள் பின்னால எண்ணுங்க."

பெபிஷா விரல் விட்டு எண்ணினாள். அது லீப் வருஷம் என்பது நினைவுக்கு வந்ததும் மறுபடி எண்ணினாள். "சாம்பல் புதன் பிப்ரவரி ஆறு!"

"கல்யாண விருந்து நடந்ததாச் சொல்லுத நாள், நோன்பு தொடங்கி எட்டு நாள் கழிஞ்சு."

ரசலையனின் முகம் சுருங்கியது. "சில சமயம் விதிவிலக்கா…"

"இப்பவே கேட்டுடுதேன்," என்று பெபிஷா சபைப் போதகரை அழைத்தாள். அவர் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. பிப்ரவரி நான்குக்குப் பிறகு ஈஸ்டர் முடியும்வரை ஒரு கல்யாணமும் இல்லை.

"நடக்காத விருந்துல இருந்து யாரும் சாட்சிக்கு வர முடியாது," என்றார் வைகுண்டராஜன். "பின்னால எழுதுன பொய் உயிலுக்கு, கை விழுறதுக்கு முந்தின ஒரு தேதி உங்களுக்கு வேணும். சாட்சிகள் சேர்ந்து வந்ததுக்கு ஒரு காரணம் வேணும். லெந்துக்கு முன்னால வச்சுட்டோம்னு நினைச்சீங்க. நோன்பு இருந்தவருக்கே அந்த வருஷம் லெந்து முன்னமே வந்தது மறந்துபோச்சு."

ஷைஜா எழுந்தாள். பதினேழு வருஷம் அப்பாவுக்குச் சோறு ஊட்டிய வலது கையை ரசலையனுக்கு முன்னால் நீட்டினாள்.

"சாவி, சித்தப்பா."