மாரியாத்தாளுக்குக் கொண்டுவந்த பூ

காலை பத்து முப்பத்தைந்துக்கு ஸ்கேன் சென்டரில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஏட்டு அந்தோணிராஜ் தன் குறிப்பேட்டில் இப்படி எழுதிக்கொண்டார்:

பொன்னழகு, வயது 44, நோயாளி. கொடைரோடு பக்கம் மல்லிகைத் தோட்டம்.
பொன்னுத்துரை, அவள் கணவர். வலது காலில் இரும்புத் தகடு வைத்திருப்பதால் காந்த மெஷின் அறைக்குள் போக அனுமதியில்லை.
இளஞ்செழியன், மெஷினை இயக்குபவர்.
தீபா, வரவேற்பு மேசை.
மெஹராஜ், வயது 58, ஆயா. லாக்கர் சாவி இவரிடம்.

காணாமல் போனது: ஏழு பவுன் தாலிக்கொடி.

ஏட்டு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று பத்து. அதற்குள் தீபா மெஹராஜைக் கழிப்பறைக்குள் அழைத்துப்போய்ச் சேலையை உதறச் சொல்லிச் சோதித்து முடித்திருந்தாள். எதுவும் கிடைக்கவில்லை. திண்டுக்கல்லில் அடித்த பித்தளைப் பூட்டின் சாவி, கயிற்றில் கோத்தபடி இன்னும் மெஹராஜின் கழுத்திலேயே கிடந்தது. அவர் யாரையும் பார்க்காமல் சுவரோரம் நின்றார்.

"நடந்ததச் சொல்லுங்கக்கா."

"பத்தேகாலுக்குக் கவுனக் குடுத்து, கக்கூசுக்குள்ள போயி மாத்திட்டு வாங்கன்னேன் ஏட்டையா. இங்க மாத்துறதுக்கு வேற எடமில்ல. இவுக வீட்டுக்காரரு வாசல்ல நின்னாரு."

"வெளிய வரும்போது கையில என்ன இருந்துச்சு?"

"ஒரு கையில சேலை, ஒரு கையில பூப்பொட்டணம். நகையக் கைக்குட்டையில முடிஞ்சு இடுப்புல செருகியிருந்தாக. அவுகளே லாக்கர்ல வச்சாக. நான் பூட்டுனேன். பத்து நிமிசங்கழிச்சு, கொடிய ஒருக்கா கண்ணுல ஒத்திக்கிட்டு உள்ள போறேன்னாக. தொறந்து குடுத்தேன். முடிச்ச அவுத்தா கொடியக் காணோம்."

"முடிச்சு அவுந்து கெடந்துச்சா?"

"இறுக்கி முடிஞ்சாப்லதான் இருந்துச்சு. தோடும் மூக்குத்தியும் உள்ளதான் இருந்துச்சு."

எல்லாருடைய பைகளையும் மேசைமேல் கொட்டிப் பார்த்தார்கள். பொன்னழகின் சேலையையும் உதறினார்கள். அவள் நீலக் கவுனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. மடியில் வாழையிலையில் கட்டிய பூ. இளஞ்செழியன் அதை எடுக்கக் கை நீட்டினான்.

"தொடாதீங்க தம்பி. கோட்டை மாரியாத்தாளுக்குக் கொண்டுவந்தது."

இளஞ்செழியன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். தன்னைப் போன்ற வேதக்காரன் அதைத் தொடுவது முறையில்லை என்று ஏட்டும் விட்டுவிட்டார்.

"கொடி கெடைக்காம ஸ்கேனும் கெடையாது, ஒண்ணுங் கெடையாது," என்றார் பொன்னுத்துரை. "இந்தம்மாவ ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயி விசாரிங்க. ஏ அழகு, சேலைய மாத்து. போவோம்."

பொன்னழகின் தோள்கள் மெல்ல இறங்கின. பெருமூச்சு ஒன்று சத்தமில்லாமல் வெளியே வந்தது. அந்தோணிராஜ் அதைப் பார்த்தார். அப்படித் தோள் இறங்கியதை அவர் முன்பும் ஒரு முறை பார்த்திருக்கிறார்.

இளஞ்செழியனைத் தனியே அழைத்தார்.

"இதுக்கு முன்னால வந்திருக்காங்களா?"

"இது மூணாவது தடவ சார். மொதத் தடவ உள்ள போன ரெண்டே நிமிசத்துல முடியலன்னா அமுக்கச் சொல்லி கையில குடுத்த ரப்பர் பந்த அமுக்கிட்டாங்க. ரெண்டாந்தடவ மெஷினப் பாத்ததுமே பஸ் ஸ்டாண்டுக்கு நடையக் கட்டிட்டாங்க."

"இன்னிக்கு விட்டா?"

"எட்டு நாளாகும். மண்டைக்குள்ள கட்டி சார். எடது கண்ணு மங்கிருச்சு. வலதும் போறதுக்குள்ள ஆபரேசன் பண்ணணும், அதுக்கு இன்னிக்கே படம் வேணும்னாரு டாக்டர்."

பதினொன்று முப்பதுக்கு ஏட்டு மற்றவர்களை வெளியே அனுப்பினார். மெஹராஜை மட்டும் இருக்கச் சொன்னார். பொன்னழகுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கொடியத் திருடுறவன் தோட்டையும் மூக்குத்தியையும் திருப்பி முடிஞ்சு வைக்க மாட்டாம்மா. லாக்கர்ல வைக்கும்போதே கைக்குட்டையில கொடி இல்ல. கழிப்பறையிலயே எடம் மாறிருச்சு. அங்க உங்ககூட இருந்தது சேலையும் பூவும். சேலைய உதறியாச்சு."

அவள் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆத்தாளுக்குன்னு எடுத்து வச்ச பூவ எந்தப் பொம்பளையும் கக்கூசுக்குள்ள கொண்டுபோக மாட்டா. வாசல்லயே நின்ன வீட்டுக்காரர் கையில குடுத்திருப்பா. அது ஆத்தா பூ இல்ல. நாங்க யாரும் தொடக்கூடாதுன்னு நீங்க வச்ச பேரு."

பிறகு அவளே நாரை அவிழ்த்தாள். மொட்டுகளுக்கு நடுவே தாலிக்கொடி சுருண்டு கிடந்தது.

"இன்னிக்கு ஒரு நாளு தள்ளிப்போனாப் போதும்னு நெனச்சேன். இந்தக்கா மேல பழி விழும்னு நெனைக்கல."

"வேற யாரு மேல விழும் தாயி?" என்றார் மெஹராஜ். "சாவி என் கழுத்துலதான கெடக்கு."

பொன்னழகு அழுதாள். "உசுரோட மண்ணுக்குள்ள எறக்குற மாதிரி இருக்குக்கா. மூக்குக்கு மேல மூடி. அவருகிட்டச் சொன்னா சிரிக்கிறாரு."

"நான் சிரிக்கல, திட்டினேன்," என்றார் அந்தோணிராஜ். "என் வீட்டுக்காரி தெரேசும் மதுரையில இப்படித்தான் ரெண்டே நிமிசத்துல ஸ்கேன்லருந்து எந்திரிச்சு வந்தா. சின்னப்புள்ளையா நீன்னு கேட்டேன். வீட்டுக்குப் போவோம்னு சொன்னதும் அவளுக்குத் தோளு எறங்குச்சு. அடுத்த தேதி வந்துச்சு. அவ இல்ல."

மெஹராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"பயம் போகாது தாயி. போகணும்னு இல்ல. பயந்துக்கிட்டே இருவது நிமிசம் படுத்திருந்தாப் போதும். மெஷினக் கண்ணுல பாக்காத. ஈரத்துணியக் கண்ணுல கட்டிக்கிட்டு இங்கருந்தே நட. நான் காலு பெருவிரலப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறேன். என் கை விட்டுப்போனா மட்டும் பந்த அமுக்கு."

"நீங்களாக்கா?"

"உன் வீட்டுக்காரருக்குத்தான் காலுக்குள்ள இரும்பு இருக்கே. வாய்க்குள்ளயும் இருக்கும் போல."

வழக்கு எழுத வேண்டாம் என்று ஏட்டு முடிவு செய்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். பொன்னழகு எல்லார் முன்னாலும் வந்து நின்று சொன்னாள்: "கொடிய நாந்தான் ஒளிச்சு வச்சேன். இந்தக்கா எடுக்கல."

தீபா நிமிரவே இல்லை. பொன்னுத்துரை வாயைத் திறந்தார்.

"இப்ப வேணாம். கொடியப் பிடிங்க," என்றார் ஏட்டு.

அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அது பொட்டலத்து ஈரத்தில் நனைந்திருந்தது. மனைவியின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த மொட்டு ஒன்றை எடுத்துவிட்டார்.

பதினொன்று ஐம்பது. மெஹராஜ் சாவிக் கயிற்றைக் கழற்றி ஏட்டின் கையில் வைத்தார்.

"லாக்கர்ல உள்ளத எண்ணிப் பாத்துக்கங்க ஏட்டையா. அப்புறம் என்னயச் சொல்லக் கூடாது."

கண்ணில் ஈரத்துணி கட்டிய பொன்னழகு, தான் திருடியாக்கிய கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசற்படியில் கால் நின்றது. மெஹராஜ் இழுக்கவில்லை, காத்திருந்தார். பிறகு அந்தக் கால் உள்ளே போனது.

மதுரையில் மனைவி உள்ளே இருந்த அந்த இரண்டு நிமிடமும், தான் வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தது அந்தோணிராஜுக்கு நினைவு வந்தது. யாரோடு என்பது நினைவில்லை.

இளஞ்செழியன் வெளியே வந்து கனத்த கதவை இழுத்துச் சாத்தி, பிடியைத் திருப்பிப் பூட்டினான்.