ஆறாம் மேடையில் ஐவரும் நலம்

பத்தொன்பதாவது நாளும் அதே கோழி அதே இடத்தில் கொக்கரித்தபோது, பிரிஸ்கா ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"ஆறாம் மேடை பேசுகிறது. ஐந்து பேர். ஐவரும் நலம். கொடி பறக்கிறது." தினமும் மாலை நான்கு மணிக்கு அவள் அண்ணன் லியோன் கரைக்குச் சொல்லும் செய்தி இவ்வளவுதான். சிப்பிமுனைத் துறைமுகத்திலிருந்து ஓர் இரவு படகுப் பயணத் தூரத்தில், ஆமைத்திட்டு என்னும் பவளப்பாறைமேல் நான்கு இரும்புக் கால்களில் நின்றது அந்த மேடை. கடற்படையின் ஐந்து பேர் அங்கே குடியிருக்க வேண்டும். குடியிருந்தால் அந்தக் கடல் நம்முடையது. திட்டின் மறுமுனையில் பக்கத்து நாடும் ஒரு மேடை கட்டி, ஐந்து பேரைக் குடிவைத்து, அதே கடலைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

புயல் அடித்த மறுநாள், "நலம்" என்ற சொல்லுக்கு ஒரு மூச்சு தள்ளி ஒரு கோழி கொக்கரித்தது. அதன்பிறகு தினமும், அதே ஒரு மூச்சு தள்ளி.

பிரிஸ்கா கடற்படை அலுவலகத்துக்கு ஓடினாள்.

"கோழி கொக்கரிக்கிறது விதிமீறல் இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

"சார், அது ரெக்கார்டு பண்ணின குரல்! அங்க யாரும் இருக்காங்களான்னே தெரியல!"

"தினமும் என் காதால கேட்டு, 'நேரில் கேட்டறிந்தேன்'னு கையெழுத்துப் போடுதேன். அப்ப நான் பொய்யா?"

அன்று மாலையே படகு கிளம்பியது. ஓட்டியவன் செலஸ்டின், லியோனுடன் பள்ளியில் படித்தவன். கூட வந்த மூன்றாவது ஆள், பிரிஸ்காவின் கல்லூரித் தோழன் கஸ்பார். அவன் வந்ததற்குக் காரணம் வீரமல்ல; மறுநாள் அவனுக்குத் தேர்வு இருந்தது.

வழி தடுமாறி, மறுநாள் பிற்பகலில்தான் ஆமைத்திட்டை நெருங்கியபோது கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. வெள்ளைப் பனிமூட்டம். ஒரு பறவைகூட இல்லை. செலஸ்டின் இன்ஜினை நிறுத்தினான். அப்போதுதான் கேட்டது: ம்ம்ம்... ம்ம்ம்... யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல!

"ஏளா, அது என்ன?" என்றான் கஸ்பார்.

"இரும்புக் காலுக்குள்ள தண்ணி ஏறி இறங்குது" என்றாள் பிரிஸ்கா.

"அப்படியே இருக்கட்டும். நீ சொன்னதையே நான் நம்பிக்கிடுதேன்."

மூட்டத்துக்குள்ளிருந்து மேடை தெரிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உச்சியில் கொடி ஏறியிருந்தது. நேற்றுத்தான் துவைத்ததுபோல் பளிச்சென்று!

"அண்ணே!" என்று பிரிஸ்கா கத்தினாள். மேடை முனகியது.

செலஸ்டின் படகைப் பிடித்துக்கொள்ள, இருவரும் ஏணியில் ஏறினார்கள். மேலே கதவு திறந்து கிடந்தது. வாசலில் ஐந்து ஜோடி பூட்ஸ், கடலைப் பார்த்து வரிசையாக. மேசையில் ஐந்து தட்டுகள், கழுவித் துடைத்து. தகர டப்பாக்களில் தக்காளிச் செடிகள். பிரிஸ்கா மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம்! ஒரு சிவப்புக் கோழி அவர்களைச் சந்தேகமாகப் பார்த்தது. ஆள் மட்டும் இல்லை.

கஸ்பார் வருகைப் பதிவேட்டைப் புரட்டினான்.

"ஏளா... இன்னைக்குக் கையெழுத்து இருக்கு."

"அப்ப உயிரோட இருக்காங்க!"

"நாளைக்கும் இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் இருக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி வரப்போகும் பத்து நாட்களுக்கு ஐந்து மாலுமிகள் ஆஜர். இன்றைக்கு ஒருவரையும் காணோம்.

சரியாக நான்கு மணிக்கு அவர்கள் முதுகுக்குப் பின்னால், "ஆறாம் மேடை பேசுகிறது" என்றது லியோனின் குரல்.

பிரிஸ்கா பாய்ந்து திரும்பினாள். காலி நாற்காலி. மேசையில் ஒரு கடிகாரம், ஒரு பேட்டரி, தானாகச் சுழலும் டேப். "ஐவரும் நலம்." கொக் கொக்! கோழி டேப்பிலிருந்து கொக்கரிக்க, தரையில் நின்ற கோழி பதறிப்போய்க் கஸ்பாரின் கையில் தாவியது. அவன் அதைவிட உரக்கக் கத்தினான்.

கீழே ஏதோ நறநறவென்றது. மேடை உலுக்கி, இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்தது. தட்டுகள் சரிந்து விழுந்தன.

"கால்ல விரிசல் இருக்கு! இறங்குங்க!" என்று செலஸ்டின் கீழேயிருந்து கூவினான்.

"வா, போயிரலாம்!" என்றான் கஸ்பார்.

பிரிஸ்கா அசையவில்லை. களக்... களக்... மழைத்தண்ணீர்த் தொட்டி விக்கியது. அதன் பக்கக் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் அவள் கண்முன்னேயே இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டியின் அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கிளம்பி, மேடை விளிம்பைத் தாண்டி, பாறைத்திட்டு வழியே மூட்டத்துக்குள் போயிருந்தது.

"யாரோ தண்ணி பிடிக்காங்க" என்றாள். "பேய்க்குத் தண்ணி வேண்டாம்."

தொட்டியின் வால்வை இறுக்கி மூடினாள்.

"இப்ப என்ன?"

"வீட்டுல குழாயில தண்ணி நின்னா என்ன செய்வ? வெளிய வந்து பாப்பேல்லா?"

மேடை மறுபடியும் நறநறத்தது. கஸ்பார் கோழியை அணைத்துக்கொண்டு கண்ணை மூடினான். ஆனால் அவன் இறங்கிப் போகவில்லை. பிரிஸ்கா வால்விலிருந்து கையை எடுக்கவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

மூட்டத்துக்குள் இரண்டு உருவங்கள் தெரிந்தன. கடல்மேல் நடந்து வந்தன!

"செத்தோம்" என்றான் கஸ்பார், கண்ணைத் திறந்த நேரம் பார்த்து.

நடந்தது கடல்மேல் அல்ல, முழங்கால் தண்ணீரில் கிடந்த பாறைத்திட்டின்மேல். முன்னால் வந்தவனின் ஒரு கை கழுத்தில் தொங்கியது.

"எவம்ல அது வால்வ மூடினது? அங்க சோறு பாதி வேக்காட்டுல நிக்கி!"

"அண்ணே!"

லியோன் அண்ணாந்து பார்த்தான். அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான்.

நடந்தது எளிமையானது. புயலில் இந்த மேடையின் கால் விரிந்தது. அந்த மேடையின் தண்ணீர்த் தொட்டி கடலோடு போனது. இங்கே தண்ணீர் உண்டு, தூங்க முடியாது. அங்கே தூங்கலாம், தண்ணீர் கிடையாது. சேதத்தைச் சொன்னால் விதிப்படி முதலில் மேடையைக் காலிசெய்யச் சொல்வார்கள். காலிசெய்த கடல் அடுத்தவனுக்கு. அதனால் இரு தரப்பும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு பத்துப் பேரும் அங்கே படுத்தார்கள். காலையில் இங்கே வந்து கொடி ஏற்றி, செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மாலை நான்கு மணிச் செய்தியை டேப்பிடம் விட்டார்கள். முன்கூட்டியே கையெழுத்துப் போடுவது மட்டும் புயலுக்கு முன்பிருந்தே இருந்த வழக்கம்.

புயலில் அடிபட்ட லியோனின் கை கறுத்து வீங்கியிருந்தது. பிரிஸ்கா பார்த்தாள். "இப்பவே ஏறு. இல்லன்னா கைய எடுத்துருவாங்க."

"எப்படிட்டி வருவேன்? அஞ்சு பேர் இருக்கணுமே!"

பின்னால் நின்ற பக்கத்து நாட்டுச் சமையற்காரர் மாருன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்: "நலம்!"

மூன்று நாள் கழித்து, மாலை மூன்றே முக்காலுக்கு, கையில் மாவுக்கட்டோடு லியோன் அலுவலகத்தில் நின்றான். அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ இங்க இருக்க முடியாதே. மேடையில நலமா இருக்கியே?"

"கால் விரிஞ்சிருக்கு சார். ரிப்பேர் கப்பல் வேணும். ஆட்களை இறக்காம."

"எழுத்துல ஆதாரம்?"

பிரிஸ்கா பையைத் திறந்து சிவப்புக் கோழியை மேசைமேல் வைத்தாள். மணி நான்கு அடித்தது.

"ஆறாம் மேடை பேசுகிறது" என்றது ரேடியோ, லியோனின் குரலில். லியோன் வாயை மூடிக்கொண்டு நின்றான். "ஐவரும் நலம்." ரேடியோவில் கோழி கொக்கரித்தது. மேசைமேல் நின்ற கோழி கழுத்தைத் திருப்பி, பதிலுக்குக் கொக்கரித்தது.

அதிகாரி கோழியைப் பார்த்தார். தன் புத்தகத்தைப் பார்த்தார். புயலுக்குப் பிறகு மட்டும் இருபத்திரண்டு கையெழுத்துகள், எல்லாம் அவர் காதால் கேட்டது.

"கப்பல் எப்ப வேணும்?" என்றார் மெதுவாக.

"நாளைக்கு. வழக்கமான பராமரிப்புன்னு எழுதிக்கிடுங்க சார்" என்றாள் பிரிஸ்கா. "அவங்க மேடைக்கும் நம்ம கப்பல்லயே ஒரு தொட்டி போகட்டும். நமக்குச் சோறாக்குறது அவங்க ஆளு."

அதிகாரி எழுதினார்.

அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம், வாசலில் காத்திருந்து கூட நடந்த கஸ்பார் தன் வீரத்தைப் பற்றிப் பேசினான். பிரிஸ்கா மறுக்கவில்லை, மேடை சாய்ந்தபோது அவன் இறங்கி ஓடவில்லை, அது உண்மை. ஒன்று மட்டும் சொன்னாள்: "ஆளைத் தேடிப் போனா கொடிய அண்ணாந்து பாக்காதல. தண்ணி எங்க போகுதுன்னு பாரு."

கோழியை அடுத்த நாள் கப்பலிலேயே அனுப்பினார்கள். மேடையில் எண்ணிக்கை குறையக் கூடாது.