ப்ளோயர் நின்ற பிறகு

ப்ளோயரை நிறுத்திய பிறகும் ஹெட்போனில் ஏதோ ஒலித்துக்கொண்டிருந்தது.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று சித்திகா கணக்கை மறுபடி பார்த்தாள். முதலில் சம இடைவெளியில் இருந்த ப்ளோயர் விசிறியின் இறக்கைகள் ஒரே விசிலாக அலறின. அது எந்தச் சுருதியில் எழும் என்று முன்கூட்டியே கணித்து, இடைவெளிகளை மாற்றி அதை உடைத்தவள் அவள்தான். நாளை ப்ளோயரை வாங்கவிருக்கும் மருத்துவமனைக்காரர்கள் வந்து ஓடவிட்டுக் கேட்டுப் பார்ப்பார்கள். சத்தம் இருந்தால் ஆர்டர் போய்விடும். மாலைக் கல்லூரியில் படித்துக்கொண்டே பார்க்கும் இந்த வேலையும் போய்விடும்.

"இன்னாம்மா, ஓடுச்சா இல்லியா? கைய நீட்டிப் பாத்தாத்தான் காத்தே தெரிஞ்சுது!" பட்டறை முதலாளி ஜீவானந்தம் சிரித்தார்.

"நிறுத்தின பிறகும் கேக்குதுண்ணா."

"ஏரோப்ளேன் போயிருக்கும். சும்மா பேஜார் பண்ணாத. பல்லாவரம் போய் போல்ட்டு வாங்கினு வந்துடறேன்."

அவர் வண்டி தெருமுனையில் தேய்ந்து மறைந்ததும், ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு லேத்தும் ஓடாத பம்மலின் அந்த மாலையில், பழைய தோல் கிடங்கின் சுவரிலிருந்து கசிந்த ஈர நாற்றத்துக்கு நடுவே, ப்ளோயரோடு பொருத்தியிருந்த, ஆள் நுழையுமளவு அகன்ற தகரக் குழாயின் இருட்டுக்குள்ளிருந்து காற்று மெல்ல இழுபட்டு, மெல்ல விடப்படும் ஒலி தெளிவாகக் கேட்டது.

சத்தம் அளக்கக் குழாய் வாயில் வைத்த மைக் தன் மூச்சைத்தான் பிடிக்கிறதோ? மூச்சை அடக்கினாள். ஒலி நின்றது. விட்டாள். ஒலியும் வந்தது.

அவ்வளவுதான். சிரிப்புகூட வந்தது.

மைக்கின் ஒயரைப் பிடுங்கினாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

குழாய்க்குள் மூச்சு கேட்டது.

இழுத்தாள், இழுத்தது. விட்டாள், விட்டது. பிறகு அது இழுத்தது. அதற்குப் பின்தான் அவள் நெஞ்சு உயர்ந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. அது விட்டபோதுதான் அவளிடமிருந்தும் காற்று வெளியேறியது.

சத்தம் வேண்டும். இதை மூடுமளவு சத்தம். பாய்ந்துபோய் ப்ளோயரை முழு வேகத்தில் போட்டாள்.

இறக்கைகள் சுழன்றன. விசில் இல்லை. அலறல் இல்லை. அவள் கணித்தபடியே, பட்டுத்துணி உரசுவதுபோல ஒரு சலசலப்பு மட்டும். அதற்கு மேலே, நிதானமாக, அந்த மூச்சு.

ஒருமுறை நீளமாக விட்டது.

அவள் நெஞ்சு கடைசிவரை ஒடுங்கியது.

குழாயின் வாயையே பார்த்தபடி நின்றாள். அது மறுபடி இழுக்கவில்லை.