கரிப் படம்

அந்த அலுவலகம் ஒரு காலத்தில் மருத்துவமனையாக இருந்தது. நோயாளிகளைத் தள்ளிச் சென்ற சாய்தளம் இன்னும் வாசலில் இருக்கிறது. வார்டாக இருந்த நீள அறையில் கட்டில்களுக்குப் பதிலாகக் கணினிகளைப் போட்டிருந்தார்கள். திரை நன்றாகத் தெரிய வேண்டும் என்று சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால், வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே எப்போதும் அந்திதான். சின்னவள் வழக்கம்போல் காலையில் வந்து, பையை நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பெரிய படத்தளத்தில் ஜனங்கள் புதிதாக ஏற்றும் படங்கள் முதலில் இவர்கள் திரைக்குத்தான் வரும். கட்டம் கட்டமாக வந்து நிற்கும். நல்ல படத்துக்கு ஒரு விசை, ஆபாசத்துக்கும் ரத்தத்துக்கும் இன்னொரு விசை. மூன்றாவதற்குக் 'கரி' என்று செல்லப்பெயர். முழுக்க இருட்டாக வரும் படங்களைத் தள்ளிவிட அது. பைக்குள் கிடந்த போன் தானாக அமுங்கி எடுத்தவை என்று யாரோ எப்போதோ சொன்னது, அதுவே சட்டமாகிவிட்டது. படத்தைத் திறந்தால்தான் அனுப்பியவர் பெயரும் கீழே எழுதிய வரியும் தெரியும். கரியைத் திறந்து பார்க்க இங்கே யாருக்கு வேலை வெட்டி இல்லை?

மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றார். எல்லோரையும் நேரம் பார்த்தே விரட்டுவதால் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர்.

"ஒரு வாரமா ஒரே கரி உனக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருதாமே. என்னன்னு திறந்து பாரு."

"கரியில பாக்க என்ன சார் இருக்கு?"

"நீ பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருக்கே, அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கு. திறந்து பாத்து ஒரு முடிவு கட்டு."

திறந்தாள்.

அனுப்பியவர் இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது. கீழே ஒரே வரி: 'பாத்தியாடி?'

அது பெரியவளின் வரிதான். புதுத் திரைச்சீலையோ, அடிப்பிடித்த பாத்திரமோ, மகளுக்கு முளைத்த முதல் பல்லோ, எதைப் படமெடுத்து அனுப்பினாலும் இந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துத்தான் அனுப்புவாள்.

பெரியவள் காணாமல் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. நகையை எடுத்துக்கொண்டு யாருடனோ ஓடிவிட்டாள் என்று அத்தான் சொன்னார். ஊர் நம்பியது. ஊருக்கு முன்னால் அம்மா நம்பினாள். "அந்த ஓடுகாலி பேச்சை என் காதுல போடாதே" என்று அன்றைக்கே வாயை அடைத்துவிட்டாள். தனியாளாகக் குழந்தையை வளர்க்கும் தங்கமான மனுஷன் என்று அத்தானுக்குப் பேர் வேறு. நாளைக் காலை அவர் குழந்தையோடு வேறு நாட்டுக்குப் போகிறார். திரும்பி வரும் எண்ணம் அவருக்கு இல்லை. பேத்தியின் துணிகளை அம்மாவே மடித்துக் கொடுத்திருந்தாள்.

சின்னவள் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினாள்.

கறுப்பு, சாம்பல் நிறமானது.

சுவர் தெரிந்தது. ஈரச் சுவர். பாசி.

இன்னும் கூட்டினாள். எங்கிருந்தோ தேங்கிய தண்ணீரின் வாடை வந்தது. மூக்கைப் பொத்தினாலும் போகவில்லை.

மேலே ஒரு சதுரம். அதைப் பாதி மறைத்தபடி ஒரு மூடி.

மீதிப் பாதியில், குனிந்து கீழே பார்க்கும் அத்தானின் முகம்.

"சார், இங்க பாருங்க!"

கடிகாரம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்னத்தைப் பாக்கறது? கரிதானே." அவள் தன் போனில் அதைப் படமெடுத்தாள். அதிலும் கறுப்புதான் விழுந்தது. விசைப்பலகையில் மட்டும் அவள் விரல்பட்ட இடமெல்லாம் ஈரமாக இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லாமல் எழுந்து அக்கா வீட்டுக்குப் போனாள். கூடமெங்கும் பெட்டிகள். அத்தான் சிரித்த முகமாக "வாம்மா" என்றார். கொல்லைப்பக்கம் தரைக்கடியில் இருந்த தண்ணீர்த்தொட்டியின் வாயைச் சிமெண்டு பூசி மூடியிருந்தது. மேலே பூந்தொட்டிகள்.

"விரிசல் விட்டுப் போச்சு, மூடிட்டேன்" என்றார், கேட்காமலே.

குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதில் கிசுகிசுத்தது. "சித்தி, அது மேல காதை வச்சா அம்மா கூப்பிடுவா. அப்பாகிட்ட சொல்லிடாதே, அடிப்பாரு."

சின்னவள் கடைக்குப் போய்வருவதாகச் சொல்லி, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நேரே காவல் நிலையத்துக்கு நடந்தாள். கறுப்புப் படத்தில் தெரிந்தது, குழந்தைக்குக் கேட்டது என்றால் எவன் நம்புவான்? அதனால், "அக்காவை உள்ள போட்டு அவர் மூடும்போது என் கண்ணால பாத்தேன்" என்று சாட்சி சொன்னாள். அது பொய்யா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

சாயங்காலம் தொட்டியை உடைத்தார்கள். பெரியவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இருந்தது, தண்ணீரில் ஊறி, துருவேறி. தண்ணீரில் விழுந்த நாளிலிருந்தே இதில் உயிர் இருந்திருக்காது என்று அதைப் பிரித்தவர் சொன்னார்.

அத்தானைக் கொண்டுபோனார்கள். அம்மா உடைந்த சிமெண்டுக் குவியலின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாவி."

"சொன்னாம்மா. ரெண்டு தடவை பெட்டியோட வந்து நின்னா. நீதான் அனுசரிச்சுப் போடின்னு திருப்பி அனுப்பினே."

சொல்லிவிட்டுச் சின்னவள் தன் விரல்களைப் பார்த்தாள். ஒரு வாரமாக அக்கா கூப்பிடக் கூப்பிடக் கரி விசையைத் தட்டியது யார் கை? அம்மாவைச் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை?

காரியங்கள் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தை இப்போது அவளோடுதான். படத்தளத்தில் இருந்த அக்காவின் கணக்கை அவளே எழுதிக் கொடுத்து மூடவைத்திருந்தாள். பையை மாட்டினாள், உட்கார்ந்தாள், திரையைப் போட்டாள்.

திரை வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள்.

வந்திருந்தது. ஒரு பூனை இல்லை, ஒரு கடல் இல்லை. எல்லாக் கட்டமும் கரி.

அந்த வாடை மெல்ல எழுந்தது.

முதல் கட்டத்தைத் திறந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் பெயர். கீழே, 'பாத்தியாடி?'

அடுத்தது. வேறொருத்தி. அதே வரி.

அதற்கடுத்தது பெயரை வைத்துப் பார்த்தால் சின்னப் பெண் போலிருந்தது. அதே வரி.

அக்கா அவர்களுக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"என்ன ஒவ்வொண்ணா திறந்துக்கிட்டு?" கடிகாரத்தின் குரல் பின்னால் கேட்டது. "கரிதானே, தட்டிவிடும்மா. மத்தவங்களைப் பாரு."

பார்த்தாள். அந்த நீள வார்டு முழுக்க, எல்லோர் திரையும் கறுப்பாக இருந்தது. ஒருவரும் திறக்கவில்லை. ஒரு கையால் தேநீரைக் குடித்துக்கொண்டே, மறு கையால் எல்லோரும் அந்த மூன்றாவது விசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.